சந்தைப் பாயும் பள்ளி விடுதியும்: பாப்புவாவில் சிறு உதவித் திட்டங்கள்

பாப்புவாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிளம்பும் நண்பர் குழு, முதலில் ஒரு செய்தியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அங்கே பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. நியூகினித் தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவைச் சேர்ந்தது. 2022 முடிவதற்குள் அது ஆறு மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய தங்கச் சுரங்கங்களில் ஒன்றான கிராஸ்பெர்க் அங்குதான் இருக்கிறது. 2001-இல் வந்த சிறப்புத் தன்னாட்சிச் சட்டம், நாட்டின் பொது ஒதுக்கீட்டு நிதியில் 2 சதவீதத்துக்கு நிகரான தொகையைப் பாப்புவாவுக்குத் தனியாகத் தந்தது. 2021 திருத்தத்தில் அது 2.25 சதவீதமானது. இவ்வளவுக்குப் பிறகும் மனித மேம்பாட்டுக் குறியீட்டில் இந்தோனேசியாவின் கடைசி வரிசையில் நிற்பவை பாப்புவாவின் மலை மாவட்டங்களே.

நம் கையிலிருக்கும் இரண்டு லட்சமோ ஐந்து லட்சமோ அந்தப் பெரும்பணத்தோடு போட்டி போட முடியாது. போட வேண்டிய தேவையும் இல்லை. பெரும்பணம் எந்த ஊரோடு நின்றுவிடுகிறது, அங்கிருந்து பிள்ளை உட்கார்ந்திருக்கும் வாசல் வரை இன்னும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அந்த மிச்ச தூரத்துக்குச் செலவழியுங்கள். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லா யோசனைகளும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

தூரம் என்றால் நிஜமான தூரம். பாலியம் பள்ளத்தாக்கில் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வாமெனா நகரம். அங்கே வந்து சேரும் அரிசி, சிமென்ட், டீசல், பாடப்புத்தகம் எல்லாம் பெரும்பாலும் ஜெயபுராவை ஒட்டிய செந்தானி விமான நிலையத்திலிருந்து பறந்து வருகின்றன. வாமெனாவிலிருந்து சிற்றூர்களுக்குப் போக இன்னும் சிறிய விமானம், இல்லாவிட்டால் நடைதான். தெற்கே அஸ்மத் சதுப்பு நிலத்தில் எல்லாப் பயணமும் படகில்தான், எல்லாச் செலவும் பெட்ரோலில்தான். அந்த அஸ்மத்தில் 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் தட்டம்மையும் ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்து 70-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைக் குடித்தன. தடுப்பூசி நாட்டில் இல்லாமல் போகவில்லை. அந்த ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

கட்டடம் வேண்டாம்

நன்கொடையாளர்கள் முதலில் கேட்பது, "ஒரு பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கலாமா?" என்பதுதான். பெயர்ப்பலகை, திறப்பு விழா, படம் என்று கண்ணுக்குத் தெரியும் பலன் அதில் இருப்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மலைப்பகுதியில் ஒரு மூட்டை சிமென்ட் ஜாவாவின் விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கிறது. நிலம் தனிமனிதரின் சொத்தாக இல்லாமல் குலத்தின் சொத்தாக இருக்கிறது. ஒரு கிளையினர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இன்னொரு கிளையினர் வந்து உரிமை கேட்டால், அது நியாயமான கேள்விதான். எல்லாவற்றுக்கும் மேல், பல ஊர்களில் கட்டடம் ஏற்கெனவே நிற்கிறது. உள்ளே பாடம் நடத்த ஆள் இல்லை. யானையை வாங்கி அங்குசம் வாங்காத கதை.

யூனிசெஃப் அமைப்பும் பாப்புவாவின் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. முன்னறிவிப்பில்லாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தபோது சுமார் மூன்றில் ஓர் ஆசிரியர் இல்லை. மலைப்பகுதியில் ஏறக்குறைய பாதிப் பேர் இல்லை. இதைப் படித்ததும் ஆசிரியர்களைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வேறு தீவிலிருந்தோ கரையோர நகரத்திலிருந்தோ வந்தவர் அவர். ஊரில் குடியிருக்க வீடில்லை. சம்பளத்தை எடுக்க மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். போனால் திரும்பும் விமானத்துக்கு வானிலை தெளியும்வரை காத்திருக்க வேண்டும். நடுவில் மலேரியா வந்து படுப்பார். இந்தோனேசியாவின் மலேரியா நோயாளிகளில் மிகப் பெரும்பான்மையோர் பாப்புவாவில்தான் இருக்கிறார்கள். சில மாவட்டங்களில் துப்பாக்கிச் சண்டையும் உண்டு. நாமாக இருந்தாலும் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம்?

ஆசிரியர் வீட்டுக்குக் கூரை மாற்றவோ, மழைநீர்த் தொட்டி வைக்கவோ ஊரார் கேட்டால் யோசிக்காமல் செய்யுங்கள். பள்ளிக்குக் கட்டடம் வேண்டாம் என்ற விதிக்கு நான் வைத்திருக்கும் ஒரே விலக்கு அது.

ஊரிலேயே இருக்கும் ஆள்

சிறு தொகையால் செய்யக்கூடிய மிக நல்ல காரியம், ஊரைவிட்டுப் போகாத ஒருவரை வாசிப்பு ஆசிரியர் ஆக்குவது. மேல்நிலைப் பள்ளி முடித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் பெரும்பாலான ஊர்களில் இருப்பார்கள். அதில் இளம்பெண்கள் இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். ஒருவருக்குப் பதில் இருவரை அமர்த்துங்கள். உறவில் சாவு என்றால் பாப்புவாவில் நாள்கணக்கில் துக்கம் காப்பார்கள். ஒருவர் போனாலும் மற்றவர் வகுப்பை நடத்துவார்.

இவர்கள் அரசு ஆசிரியருக்குப் போட்டி ஆகிவிடக் கூடாது. தலைமையாசிரியரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர் வந்த நாளில் உதவியாளராக இருப்பார்கள். வராத நாளில் முதல் மூன்று வகுப்புகளைத் தாங்களே நடத்துவார்கள். ஊக்கத்தொகையை, அந்த வட்டாரத்தில் ஒப்பந்த ஆசிரியருக்கு என்ன கிடைக்கிறதோ அதற்குச் சமமாக வையுங்கள். இரக்கப்பட்டுக் கூட்டிக் கொடுத்தால் பக்கத்துப் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்பவர் வேலையை விட்டுவிடுவார். தொகையை ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் பார்க்கக் கொடுப்பது நல்லது.

எதைக் கற்பிப்பது? இந்தோனேசியப் பாப்புவாவில் மட்டும் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. வீட்டில் டானியோ லானியோ மேயோ பேசும் குழந்தை, சந்தையில் பாப்புவா மலாய் கேட்கிறது. பள்ளிக்கு வந்தால் ஏட்டு இந்தோனேசியம். புத்தகத்தைத் திறந்தால் ரயில். பாப்புவாவில் ரயிலே கிடையாது. ஒரே நேரத்தில் தெரியாத மொழியையும் தெரியாத பொருளையும் தெரியாத எழுத்தையும் படி என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? பிள்ளைக்குத் தெரிந்த பொருளில் தொடங்கினால் மூன்று சுமையில் ஒன்று உடனே குறைகிறது.

பாலியம் பள்ளத்தாக்கில் நல்ல வாசிப்பு வகுப்பு ஒன்று எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஆசிரியை ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தரையில் வைக்கிறார். பிள்ளைகள் 'ஹிப்பெரே' என்று டானி மொழியில் கத்துவார்கள். அது எந்தத் தோட்டத்துக் கிழங்கு, யார் நட்டது, வெந்தது எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் அவர்கள் மொழியிலேயே பேச்சு ஓடும். பிறகுதான் 'உபி' என்ற இந்தோனேசியச் சொல் வருகிறது. பலகையில் 'உ', 'பி' என்று இரண்டு துண்டாக எழுதுகிறார். பக்கத்தில் பன்றியின் படத்தை ஒட்டி 'பா', 'பி' என்று எழுதுகிறார். இரண்டிலும் கடைசித் துண்டு ஒன்றுபோல் இருப்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடித்து எழுந்து போய்த் தொட்டுக் காட்டும். கிழங்கையும் பன்றியையும் அறியாத பிள்ளை அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. வகுப்புக்குத் தேவையானவை ஒரு பலகை, சுண்ணக்கட்டி, அட்டையில் வரைந்த படங்கள், பாப்புவா வாழ்க்கையை வைத்து எழுதிய சிறு வாசிப்பு நூல்கள். அப்படிப்பட்ட நூல்கள் உள்ளூரில் உருவாகியிருக்கின்றன. புதிதாக அச்சடிப்பதற்குமுன் அவற்றைத் தேடி வாங்குங்கள்.

இதற்கு நூறாண்டு முன்மாதிரியும் உண்டு. டச்சு மிஷனரி ஐ. எஸ். கெய்னே 1925-இல் வொண்டாமா விரிகுடாவை ஒட்டிய மியெயில், பாப்புவா இளைஞர்களையே ஆசிரியர்களாக்கும் பள்ளியைத் தொடங்கினார். பாப்புவாப் பிள்ளைகளுக்கென்று வாசிப்பு நூல்களும் பாட்டுகளும் எழுதினார். அங்கே படித்தவர்கள் கரையோர ஊர்களில் ஆசிரியர்களாகப் பரவினார்கள். உள்ளூர் ஆள், உள்ளூர் நூல், கூடவே பாட்டு. இந்த மூன்றும் இன்றைக்கும் போதும்.

காகிதம் இல்லாத பிள்ளை

இந்தோனேசிய அரசு ஏழைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நேரடியாகப் பணம் தருகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 4,50,000 ரூபியா, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 7,50,000 ரூபியா. பள்ளிகளுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 2005 முதல் நடைமுறைச் செலவுத் தொகை வருகிறது. இரண்டும் பிள்ளையின் பெயர் தேசியக் கல்விப் பதிவேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். பெயர் ஏற அடையாள எண் வேண்டும், அதற்குக் குடும்ப அட்டை வேண்டும், பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மலையூரில் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதில் ஒன்றும் இருக்காது.

சான்றிதழுக்குக் கட்டணம் கிடையாது. செலவெல்லாம் போய்வரும் வழியில்தான். தாய், தகப்பன், இரண்டு சாட்சிகள் என்று நால்வர் மாவட்டத் தலைநகருக்குப் போய்த் தங்கித் திரும்ப வேண்டியிருந்தால், எந்தக் குடும்பமும் போகாது. எனவே ஆட்களை அனுப்புவதைவிட அலுவலரை ஊருக்கு வரவழையுங்கள். குடிமைப் பதிவு அலுவலகங்கள் இப்படி முகாம் நடத்த வழி இருக்கிறது. படகுப் பெட்ரோல் அல்லது வண்டி வாடகை, அலுவலருக்கும் உதவியாளருக்கும் சாப்பாடு, ஒரு ஜெனரேட்டர், அவ்வளவுதான் உங்கள் பங்கு. முகாமுக்கு முன்பே ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பிறந்த தேதிகளை எடுத்து வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். கையூட்டாக ஒரு ரூபியாகூடக் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்து வரும் ஏழைக்கு அதுவே கட்டணமாகிவிடும்.

எனக்குத் தெரிந்தவரை, சிறு தொகை இத்தனை மடங்காகத் திரும்பும் வேறு திட்டம் கிடையாது. ஒருநாள் முகாமில் பதிவாகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசின் பணம் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்க வழி பிறக்கிறது.

விடுதி

ஆறாம் வகுப்பு முடிந்ததும் மலைப்பிள்ளைக்கு அடுத்த பள்ளி பல நாள் நடைத்தொலைவில் இருக்கலாம். உறவினர் வீட்டில் தங்கினால் வேலைக்காரப் பிள்ளையாகிவிடும் ஆபத்து உண்டு, பெண்பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அதனால்தான் தேவாலயங்களும் ஊர்ச்சங்கங்களும் நடத்தும் சிறு விடுதிகள் உயிர்நாடியாக இருக்கின்றன.

விடுதிக்கு உதவும்போது அரிசி மூட்டையை அனுப்பத் தோன்றும். அரிசி அங்கே விமானத்தில் வருவது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு விடுதியின் பின்புறத்திலேயே விளையும். முப்பது பிள்ளைகள் இருக்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட அரிசிப் பணத்தில் ஒரு பகுதியை வேலி போடவும், மண்வெட்டிகள் வாங்கவும், கோழிக்கூடு கட்டவும், கிழங்குத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு ஊதியம் கொடுக்கவும் மாற்றினால், அடுத்த வருடம் சாப்பாட்டுச் செலவு இறங்கும். வேலியை மறக்காதீர்கள். வேலி இல்லாத தோட்டம் பக்கத்து வீட்டுப் பன்றிக்குப் போய்விடும், பிறகு பன்றியைத் துரத்தியதற்காக விடுதிக்காரரிடம் நஷ்டஈடு கேட்பார்கள். தாழ்நிலத்தில் இதே யோசனையைச் சவ்வரிசி மாவு தரும் சேகோ பனைக்குப் பொருத்துங்கள். ஒரு மரம் நூறு கிலோவுக்குமேல் மாவு தரும்.

கொசுவலை, பெண்பிள்ளைகளுக்குப் பூட்டுள்ள தனிக் கழிப்பறை, இரவில் தங்கும் பெண் காப்பாளர், இந்த மூன்றும் இல்லாத விடுதிக்கு முதல் பணம் இவற்றுக்கே போக வேண்டும். பிள்ளைகளைத் தொலைவிலுள்ள வேறு தீவுக்கு இலவசப் படிப்பு என்று கூட்டிப் போகும் திட்டங்களில் சேரவே சேராதீர்கள். பெற்றோருக்கு முழு விவரம் தெரியாமல் பாப்புவாப் பிள்ளைகள் கொண்டுபோகப்பட்ட வரலாறு இருக்கிறது.

பழைய துணி அனுப்புவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1970-களின் தொடக்கத்தில் அரசே ஒரு இயக்கம் நடத்தி, மலைமக்களின் உடையைக் கேவலமென்று சொல்லிச் சட்டை மாட்டிவிட்டது. அந்த அவமானத்தை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம் வீட்டில் கழித்த துணியை மூட்டை கட்டி விமானக் கட்டணம் கட்டி அனுப்புவது உதவியாகாது. பிள்ளைகளின் படத்தையும் இதே மரியாதையோடு அணுகுங்கள். சளி வடியும் முகம் நன்கொடை திரட்டலாம், ஆனால் அந்தப் பிள்ளை பெரியவளாகி அந்தப் படத்தைப் பார்ப்பாள்.

சந்தையில் அமர்ந்திருக்கும் தாய்

படிப்புக்கும் பிழைப்புக்கும் தனித்தனித் திட்டம் போடுவது நம் வசதிக்காக. பாப்புவாவில் இரண்டும் ஒரே முந்தானையில் முடிந்திருக்கின்றன. பிள்ளையின் விடுதிப் பணம், சீருடை, வண்டிக்கூலி எல்லாம் பெரும்பாலும் தாய் சந்தையில் விற்ற காசிலிருந்து வருகின்றன.

ஜெயபுரா, வாமெனா, நபிரே, எந்த நகரமானாலும் காட்சி ஒன்றுதான். தார்ப்பாயோ பழைய சாக்கோ விரித்து, கிழங்கையும் கீரையையும் கூறு கட்டி வைத்து, பாப்புவாத் தாய்மார் தரையில் அமர்ந்திருப்பார்கள். தராசு கிடையாது, ஒரு கூறு இவ்வளவு என்று விலை. பாக்கும் சுண்ணாம்பும் தவறாமல் இருக்கும். நம்மூரில் வெற்றிலைக் கொடியின் இலையை மெல்லுவோம், அங்கே அந்தக் கொடியின் நீண்ட காயைக் கடித்துக்கொள்கிறார்கள். கூரையுள்ள கடைகள் பலவும் பிற தீவுகளிலிருந்து வந்த வியாபாரிகளுடையவை. ஜெயபுராவில் இந்தப் பெண்கள் பல ஆண்டு கேட்டுப் போராடிய பிறகே நகர நடுவில் தங்களுக்கென்று ஒரு சந்தையைப் பெற்றார்கள்.

இவர்களிடம் பேசும்போது கடன் வேண்டுமா என்று தொடங்காதீர்கள். ஒருநாள் வருமானத்தை எது தின்றுவிடுகிறது என்று கேளுங்கள். வண்டிக்கூலி என்பார்கள், மழை என்பார்கள், கழிப்பறை இல்லாததால் மதியமே கிளம்பிவிடுகிறேன் என்பார்கள், விற்காததைக் கொண்டுபோக முடியாமல் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன் என்பார்கள். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாரம் இருமுறை ஒரு வண்டி பேசினாலே முதல் பிரச்சினை பாதி தீரும். முதல் சில மாத வாடகையை நீங்கள் பகிர்ந்துகொள்ளலாம். பூட்டி வைக்க ஓர் அறை, தண்ணீர், கழிப்பறை, குழந்தை தூங்க ஒரு மூலை. இவை எல்லாமே சிறு தொகைக்குள் அடங்குபவை.

சேமிப்புக்கு நம்மூர்ச் சீட்டுப் போன்ற 'அரிசான்' இந்தோனேசியா முழுவதும் பழக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்து, மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று பெண்களிடம் மூன்று சாவி, எல்லோர் முன்னாலும் எண்ணிப் போடும் வாரக் கூட்டம் என்று ஆரம்பிக்கலாம். உங்கள் பணத்தைப் பெட்டிக்குள் போடாதீர்கள். வெளியிலிருந்து வந்த பணத்தை யாரும் தன் பணமாகக் காக்க மாட்டார்கள். பெட்டியும் கணக்கு நோட்டும் பயிற்சியும் மட்டும் உங்களுடையவை.

சேமிப்பு திடீரென்று ஒரு சாவுச் சடங்குக்கோ பெண் எடுக்கும் பரிசத்துக்கோ பன்றி வாங்கப் போய்விடும். நன்கொடையாளர்கள் இதைப் பார்த்து மனம் சோர்கிறார்கள். பன்றி அங்கே உறவின் கணக்கு. இன்று கொடுத்த பன்றி நாளை தன் வீட்டுத் துன்பத்தில் திரும்பி வரும். அதைத் தடுக்க நினைக்காமல், பள்ளிக்கென்று ஒரு பை, சடங்குக்கென்று ஒரு பை என்று முதலிலேயே பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

நோக்கெனும் காப்பியும்

மலையிலிருந்து வெளியே விற்கும் பொருளுக்கு என் அளவுகோல் எளிது. எடை குறைவாக, விலை கூடுதலாக, கெடாமல் இருக்க வேண்டும். காய்கறி இதில் தேறாது. நோக்கெனும் காப்பியும் தேறும்.

நோக்கென் என்பது பாப்புவாப் பெண்கள் நெற்றியில் பட்டையை மாட்டி முதுகில் தொங்கவிடும் முடிச்சுப் பை. கிழங்கும் விறகும் பன்றிக்குட்டியும் கைக்குழந்தையும் அதில் போகும். மெலிஞ்சோ போன்ற மரங்களின் பட்டையை உரித்து, உலர்த்தி, தட்டி நாராக்கி, தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டி நூலாகத் திரிக்கிறார்கள். தறி கிடையாது. கையால் கண்ணி கண்ணியாகக் கோத்துப் போகிறார்கள், வேறு வேலைகளுக்கு நடுவே, நடந்துகொண்டும் பேசிக்கொண்டும். பெரிய பைக்கு வாரங்கள், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். பனியாய் பகுதி மே மக்கள் ஆர்க்கிட் தண்டு நாரில் செய்யும் மஞ்சள் நோக்கெனுக்கு மதிப்பு மிக அதிகம். 2012 டிசம்பரில் யுனெஸ்கோ இந்தக் கலையை உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இன்று சந்தையில் ஆலை நூலில் பின்னியவை நிறையத் தெரியும். விரைவில் முடியும், வண்ணம் பளிச்சென்று இருக்கும், விலை குறையும். அதைச் செய்யும் பெண்ணைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நார் நோக்கென் நிலைக்க வேண்டுமானால் மரம் வேண்டும், செய்பவருக்கு வாரக்கணக்கான உழைப்பின் விலை வேண்டும். ஊரை ஒட்டி நார் மரங்கள் நட உதவுங்கள். பள்ளியில் வாரம் ஒரு பிற்பகல், பாட்டி ஒருவருக்கு ஊதியம் கொடுத்துப் பிள்ளைகளுக்குத் திரிக்கக் கற்றுத்தரச் செய்யுங்கள். விற்கும்போது நாரின் பெயர், செய்ய எடுத்த காலம், ஊர் ஆகியவற்றைச் சீட்டில் எழுதித் தொங்கவிடுங்கள். 'இந்தத் தேதிக்குள் இருநூறு பை' என்று ஆர்டர் கொடுத்தால் நூறு பை ஆலை நூலில்தான் வரும். செய்து முடித்ததை முடித்தபோது வாங்கிக்கொள்வதே அந்தக் கைவேலைக்கு ஒத்துவரும்.

வாமெனா காப்பி அரபிக்கா. சுமார் 1,600 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலேயும், பெரும்பாலும் உரமோ பூச்சிமருந்தோ இல்லாமல் விளைகிறது. ஏற்காடு, கொல்லிமலைக் காப்பி விவசாயியைக் கேட்டால் சொல்வார், நல்ல காப்பி பறித்த பிறகுதான் கெடுகிறது என்று. அங்கேயும் அதே கதை. பழுக்காததும் பழுத்ததும் ஒரே சாக்கில் விழுகிறது, பழத்தோலை உரிக்கும் பல்பர் இல்லாததால் பழம் இரண்டு நாள் கிடந்து புளிக்கிறது, ஈர மண்ணில் காய வைத்ததால் மண்வாடை ஏறுகிறது. ஐந்தாறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் காப்பிக் கொட்டைதான் கிடைக்கும். அதைத் தரம் கெடாமல் கொண்டுவந்தால் விமானக் கூலி தாங்கும், கெட்டால் தாங்காது. இருபது குடும்பத்துக்கு ஒரு கை பல்பர், மூங்கில் தட்டில் உயர்த்திய உலர்களங்கள், மழைக்குப் பாலித்தீன் கூரை, ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு இறங்கியதா என்று பார்க்க ஒரு கருவி, முத்திரையிட்ட தராசு. இவ்வளவையும் வாங்குவதற்குமுன், ஜெயபுராவிலோ ஜாவாவிலோ வாங்க உறுதி சொன்ன ஒரு வறுப்பவரைப் பிடித்துவிடுங்கள். பல்பர் வந்து வாங்குபவர் வராத ஊரில் அடுத்த திட்டத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

யார் வழியாக, எந்தச் சட்டப்படி

இந்தோனேசியாவில் பதிவான ஓர் அறக்கட்டளை, அவர்கள் சொல்லில் 'யயாசான்', உங்கள் கூட்டாளியாக வேண்டும். நோட்டரி பத்திரம், சட்ட அமைச்சகத்தின் ஒப்புதல், வரி எண், அறக்கட்டளைப் பெயரிலேயே இரண்டு கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, இந்த நான்கையும் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். முடிவெடுக்கும் குழுவில் பாப்புவாப் பெண்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள்.

பல ஊர்களில் தேவாலயம் தவிர வேறு அமைப்பே இருக்காது. கூட்டம் கூட்ட, பதிவேடு வைக்க, சண்டை தீர்க்க எல்லாம் அதுதான். நாம் எந்த மதத்தவராக இருந்தாலும் இதை ஏற்றுக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். எந்தச் சபைப் பிள்ளைக்கும், முஸ்லிம் பிள்ளைக்கும் உதவி சமமாகப் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் போதும்.

இந்தியாவில் வசிக்கும் தனிநபர், ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தின்படி நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், நன்கொடையும் அதில் அடங்கும். அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் வரிவிலக்கு வழக்கமாகக் கிடைக்காது. ஆடிட்டரைக் கேட்டுவிட்டு அடி எடுத்து வையுங்கள். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அனுமதி வாங்க வேண்டும்.

நேரில் போக விரும்பினால், உள்பகுதிகளுக்கு வெளிநாட்டவர் காவல்துறையிடம் 'சூராத் ஜாலான்' என்ற பயண அனுமதி பெற வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கக் கூடாது. கூட்டாளிக்குத்தான் பிறகு தொல்லை. சண்டை நடக்கும் மாவட்டங்களுக்குப் போகாதீர்கள், உதவியை மட்டும் போக விடுங்கள். 2018 டிசம்பரில் நுடுகா மாவட்டத்தில் தொடங்கிய மோதலில் ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். அவர்களின் பிள்ளைகளுக்காக வாமெனாவில் ஒரு தேவாலய வளாகத்தில் தன்னார்வலர்கள் கூடாரப் பள்ளி நடத்தினார்கள். அப்படி நகரத்துக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாயும் நோட்டும் ஆசிரியருக்குக் கூலியும் கொடுப்பது பாதுகாப்பானது, அவசரமானது.

எதை எண்ணுவது, எப்போது ஒப்படைப்பது

அறிக்கை என்று நாற்பது பக்கம் கேட்டு ஊர் ஆட்களைக் கணினி முன் உட்கார வைக்காதீர்கள். மாதம் ஒரு குரல்செய்தி போதும். அதில் நான்கு கேள்விக்கு விடை இருக்கட்டும். இந்த மாதம் எத்தனை நாள் வகுப்பு நடந்தது? மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தைத் தாங்களே வாசித்தார்கள்? சேமிப்புப் பெட்டியிலிருந்து பள்ளிக்கென்று எவ்வளவு எடுத்தார்கள்? விடுதியை விட்டுப் போன பிள்ளை யார், ஏன்? நான்காவது கேள்விக்கான விடையைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மூன்று ஆண்டுக்குக் குறைவாக வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் ஆசிரியை வைத்துவிட்டு நிறுத்தினால், ஏற்கெனவே பலமுறை ஏமாந்த ஊர் மறுபடியும் ஏமாறும். அதே சமயம் நான்காம் ஆண்டு யார் கொடுப்பார்கள் என்பதை முதல் ஆண்டே பேசிவிடுங்கள். 2014-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல் ஒவ்வோர் ஊருக்கும் மத்திய நிதி வருகிறது. வாசிப்பு ஆசிரியையின் ஊக்கத்தொகையை அந்த நிதியிலிருந்து ஊரே ஏற்கலாம். அடுத்த ஆண்டுக்கான ஊர்த் திட்டத்தை ஜூலையில் பேசத் தொடங்கி, செப்டம்பர் முடிவதற்குள் உறுதி செய்கிறார்கள், டிசம்பர் 31-க்குள் வரவுசெலவுத் திட்டம் முடிவாகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டு ஜூலைக் கூட்டத்துக்கு ஆசிரியையும், வாசிக்கத் தெரிந்த இரண்டு மூன்று பிள்ளைகளும், அவர்களின் தாய்மாரும் போகட்டும். கோரிக்கையைத் தாய்மாரே வைக்கட்டும். முதலில் பாதித் தொகை கேட்டால் ஊர் சம்மதிக்கும், மீதிப் பாதியை அந்த ஓராண்டு நீங்கள் கொடுங்கள்.